கறுப்புக் கரை போட்ட கடிதம்

காந்திமதிநாதன் கோணி ஊசியால் பார்சலுக்கு மேல்துணி தைத்துக்கொண்டிருந்தார். உள்ளே, அட்டைகளுக்கு நடுவில் அழுத்திக் காயவைத்த முப்பது பெரணிச் செடிகள்; செண்பகாதேவி அருவிக்கு மேலே பறித்தவை. கடைசி முடிச்சைப் போட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். ஆனால் முத்திரை அரக்கை எடுக்கவில்லை. பார்சலைத் தூக்கி, பீரோவின் மேல் ஏற்கெனவே கிடந்த இரண்டு பார்சல்களோடு சேர்த்து வைத்தார்.

பியூன் சுடலையாண்டி கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுவும் போகலியா அண்ணாச்சி?"

"துட்டி வீட்டுக்குப் பார்சல் அனுப்புவாகளாலே? ஆறு மாசம் கழியட்டும்."

"அது வீடு இல்லையே அண்ணாச்சி. காலேசுல்லா?"

"பெரிய கண்டுபிடிப்பு. போயி மணியை அடி."

துட்டி என்றால் அந்தப் பக்கத்தில் சாவு. செத்தவர் ஸ்காட்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியராக இருந்த மெக்லீன் துரை. 1953-ல் அவர் பெரணி தேடிக் குற்றாலத்துக்கு வந்து மூன்று வாரம் தங்கினார். அவருக்குக் குடை பிடிக்கவும் இடியாப்பம் வாங்கிக் கொடுக்கவும் தென்காசிக் கல்லூரி அனுப்பிய ஆள், அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த குமாஸ்தா காந்திமதிநாதன். மேலகரத்துக்காரர். எஸ்.எஸ்.எல்.சி. படிப்பு, அச்சுக் கோத்தது போன்ற கையெழுத்து.

துரை ஊர் திரும்பியதும் இரண்டு பேருக்கும் கடிதப் போக்குவரத்து தொடங்கியது. இங்கிருந்து செடி போகும். அங்கிருந்து செடியின் பெயரும் பத்திரிகைகளும் வரும். 1957 முதல் ஆண்டுக்கு ஒருவர் அங்கே போய்ப் படிக்க ஓர் இடமும் வந்தது. எட்டு வருட உறவும் இந்த இரண்டு பேர் கையில்தான் இருந்தது. அந்தப் பல்கலைக்கழகப் பதிவாளரின் பெயர் கல்லூரி முதல்வருக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் அதுவரை வரவில்லை.

1961 மார்ச்சில் ஒரு பதிவுத் தபால் வந்தது. உறையைச் சுற்றிக் கறுப்புக் கரை. கையெழுத்துப் போட்டு வாங்கிய காந்திமதிநாதன் அதை அலுவலகத்துக்குள் கொண்டுபோகவில்லை. சாவுச் செய்தி வந்த கடிதத்தை வாசலிலேயே நின்று படித்து, கிழித்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். அவர் அப்பா அப்படிச் செய்தார், அவரும் செய்தார். வெளிவாசலில் நின்று படித்தார், கிழித்தார், சிற்றாற்றில் விட்டு முழுகிவிட்டு ஈரத்துண்டோடு வந்து முதல்வரிடம் சொன்னார். கல்லூரியே எழுந்து இரண்டு நிமிடம் நின்றது. துரையின் மனைவிக்கு இரங்கல் கடிதம் போயிற்று. அதன்பின் காந்திமதிநாதன் அந்தப் பக்கத்துக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. துக்கத்தில் இருப்பவர்களிடம் போய் நம் காரியத்தைப் பேசுவது அவருக்கு அநாகரிகமாகப் பட்டது.

அங்கிருந்தும் ஒன்றும் வரவில்லை. ஏப்ரலில் வரவேண்டிய பத்திரிகை வரவில்லை, மே மாதத்ததும் வரவில்லை.

இதில் மாட்டிக்கொண்டிருந்தவள் முத்துவடிவு. கீழப்பாவூர்ப் பெண், தாவரவியல் விரிவுரையாளர். அந்த ஆண்டு இடம் அவளுக்கு என்று துரை ஜனவரியிலேயே எழுதிவிட்டார். முறையான தாள்தான் பாக்கி. அவள் அப்பா மாடக்கண்ணு, ஓய்வுபெற்ற ஏட்டு, தவணை வைத்திருந்தார். ஆவணிக்குள் கப்பல் ஏறவேண்டும். ஏறாவிட்டால் ஆவணியில் கல்யாணம்.

அன்றும் அவள் வந்து கேட்டாள். "தாள் வந்துச்சா அண்ணாச்சி?"

"வரும் தாயி. பெரிய எடத்துச் சாவுல்லா, கொஞ்சம் மெதுவாத்தான் வரும்."

"மூணு மாசமாச்சு."

"வரும்ங்கேன்லா."

அவள் பீரோவின் மேலிருந்த பார்சல்களைப் பார்த்துவிட்டுப் போனாள்.

மறுவாரம் குற்றாலத்தில் பயிற்சி. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு தொடர்பு வைத்திருக்கும் கல்லூரி அலுவலர்களுக்கு ஐந்து நாள், ஒரு பங்களாவில். சாரல் தொடங்கியிருந்தது. வந்தவர்கள் பதினோரு பேர். அருவிக் குளியலும் கோழிக்குழம்பும் கிடைக்கும் என்று வந்தவர்கள்தான் அதிகம். ஆனால் முதல் நாளே மலையில் கனத்த மழை, பேரருவியில் செம்மண் தண்ணீர், குளிக்கத் தடை. எல்லோரும் ஈரச்சுவருக்குள் உட்கார்ந்திருந்தார்கள். பேசுவதற்குக் குரலை உயர்த்த வேண்டியிருந்தது, அப்படி இரைந்தது அருவி.

பயிற்சி கொடுத்தவர் ரெபேக்காள், பாளையங்கோட்டைக்காரர். நர்ஸாக இருந்து, பிறகு ஒரு மருத்துவக் கல்லூரியில் வெளிநாட்டுக் கடிதப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர்.

"வார்டுல டியூட்டி மாறும்போது ஒவ்வொரு கட்டிலாப் போய் நின்னு சொல்லணும்," என்றார். "இவருக்கு ஊசி போட்டாச்சு, அவருக்குப் போடணும்னு. சொல்லாம வீட்டுக்குப் போனா, அந்தக் கால் மணி நேரத்துலதான் நோயாளி கைவிட்டுப் போவான். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் உறவும் அப்படித்தான். நல்லா இருக்கும்போது ஒண்ணும் ஆகாது. ஆள் மாறும்போதுதான் ஆகும்."

ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார். அந்தப் பக்கம் உங்களுக்கு எழுதுகிறவர் யார்? அவருக்கு அடுத்தவர் யார்? உங்களுக்கு அடுத்தவர் யார்? காந்திமதிநாதன் முதல் கேள்விக்கு மெக்லீன் என்று எழுதி, அடித்தார். மற்ற இரண்டும் காலியாக இருந்தன.

ரெபேக்காள் தாளைப் பார்த்தார். "இவர் எப்ப இறந்தாரு?"

"மார்ச்சுல."

"புது ஆள்கிட்டேருந்து வந்த முதல் கடிதம் எங்க?"

"ஒண்ணும் வரலிங்க. சாவுச் சேதி வந்ததோட சரி."

"அதைக் கொண்டு வந்திருக்கீகளா?"

"கிழிச்சுட்டேன்."

பக்கத்தில் இருந்த உச்சிமாகாளி, கோவில்பட்டிப் பக்கத்து அலுவலர், அவருக்குப் பரிந்து வந்தார். "கறுப்புக் கரை போட்ட கடுதாசியை யாரும்மா வச்சிருப்பா? எங்க ஆபீசுலயும் கிழிச்சுத்தான் போடுவோம்." நாலைந்து தலைகள் ஆடின. எல்லோரும் அந்த மாவட்டத்துக்காரர்கள்தான்.

ரெபேக்காள் விடவில்லை. "எத்தனை தாள் இருந்துச்சு?"

காந்திமதிநாதன் யோசித்தார். "ரெண்டு."

"ரெண்டாவதுல என்ன?"

"படிக்கலிங்க. முதல் தாள்லயே சேதி தெரிஞ்சு போச்சே. அது கையால எழுதினது. ரெண்டாவது..." அவர் நிறுத்தினார். இப்போது அது கண்முன் வந்தது. "ரெண்டாவது டைப் அடிச்சது. மேல பல்கலைக்கழக முத்திரை. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போட்டு வரி வரியா."

"துக்கம் சொல்லுதவன் நம்பர் போட்டா சொல்லுவான்?"

   காந்திமதிநாதன் பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

உச்சிமாகாளி குனிந்து, "வரவே இல்லைன்னு எழுதிரும் வே. தபால்ல எத்தனையோ தொலையுது," என்றார்.

அது ரெபேக்காளின் காதில் விழுந்தது. "பதிவுத் தபாலா?"

"ஆமா."

"அப்ப இவர் கையெழுத்துப் போட்ட ஒப்புகை அட்டை அங்க இருக்கு. இப்பவே போய் உங்க முதல்வருக்கு டிரங்க் கால் போடுங்க. சாப்பாடு பிறகு."

காந்திமதிநாதன் தபாலாபீஸில் இரண்டு மணி நேரம் காத்திருந்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கு லைன் கிடைத்தது. முதல்வர் நமசிவாயம்தான் எடுத்தார்.

"நீரா? நானே ஆள் அனுப்பலாம்னு இருந்தேன் வே. மத்தியானத் தபால்ல ஸ்காட்லாந்துலேருந்து ஒரு ஏர்மெயில் வந்திருக்கு, பதிவாளர்கிட்டேருந்து. மார்ச் மாசக் கடிதத்துல ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்லிக் கேட்டிருந்தாங்களாம், மே கடைசிக்குள்ள பதில் வேணும்னு. உம்ம கையெழுத்துப் போட்ட அட்டை வந்துச்சாம், பதில் வரலியாம். நமக்கு விருப்பமில்லைன்னு எடுத்துக்கிட்டு இந்த வருஷத்து எடத்தை வேற காலேஜுக்குக் கொடுத்துட்டாங்களாம். என்ன கடிதம் வே அது?"

காந்திமதிநாதன் நடந்ததைச் சொன்னார். சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

 நமசிவாயம், "எல்லாரையும் எழுப்பி ரெண்டு நிமிஷம் நிக்க வச்சீரே. கிழிக்கதுக்கு முன்னாடி அதே ரெண்டு நிமிஷம் ரெண்டாவது தாளைப் படிச்சிருக்கலாம்லா?" என்றார். அடுத்து, "அந்தப் புள்ளைகிட்ட யாரு சொல்லுதது?"

"நான் சொல்லுதேன் சார்."

பங்களாவுக்குத் திரும்பியபோது ரெபேக்காள் ஒரு தட்டில் சோறு மூடி வைத்திருந்தார். தேற்றவில்லை. "நாளைக்குப் போய்ச் சும்மா சொல்லிட்டு மட்டும் வந்துராதீக. அந்தப் பொண்ணு பக்கத்துல உட்கார்ந்து கடிதத்தை எழுதி முடிச்சுட்டு வாங்க," என்றார். "பேராசிரியர் வீட்டுக்கு இல்ல, பதிவாளருக்கு."

மறுநாள் காலை காந்திமதிநாதன் முதல் பஸ்ஸில் தென்காசிக்குப் போய், முதல்வர் வீட்டில் அந்த ஏர்மெயிலை வாங்கிக்கொண்டு, ஏழரை மணிக்குக் கீழப்பாவூரில் இறங்கினார். மாடக்கண்ணு பல் துலக்கிக்கொண்டிருந்தார். முத்துவடிவு வெளியே வந்தாள். நின்றபடியே இரண்டு பேரிடமும் சொன்னார்.

மாடக்கண்ணு வாயைக் கொப்பளித்துத் துப்பினார். "முப்பது வருஷம் ஸ்டேஷன்ல இருந்தவன் நான். சாட்சியத்தைக் கிழிச்சவனை உள்ளதான் வைப்போம், அண்ணாச்சி. என்னைப் பொறுத்தவரை ஆவணின்னா ஆவணிதான்."

முத்துவடிவு கடிதத்தைக் கையில் வாங்கி இரண்டு முறை படித்தாள்.  "கிழிச்சதை அப்படியே எழுதுங்க. நம்ம வழக்கம் அதுன்னும் எழுதுங்க. அந்த மார்ச் கடிதத்துக்கு ஒரு நகல் கேளுங்க. அடுத்த வருஷத்துக்காவது கதவு தெறந்திருக்கான்னு கேளுங்க. இந்த வருஷ எடத்தைக் கேக்காதீக, அது போயாச்சு."

"அடுத்த வருஷமா?" என்றார் மாடக்கண்ணு.

அவள் உள்ளே போய்த் தாளும் கார்பனும் எடுத்து வந்தாள். அவள் சொல்லச் சொல்லக் காந்திமதிநாதன் எழுதினார். நகல் மூன்று: முதல்வருக்கு ஒன்று, தாவரவியல் துறைக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று. கீழே அவர் கையெழுத்துப் போட்டதும், இனி இந்தப் பெயருக்கும் எழுதலாம் என்று ஒரு வரி சேர்த்துத் தன் பெயரையும் எழுதினாள்.

பத்து மணிக்குத் தென்காசித் தலைமைத் தபாலாபீஸில், முதல்வரும் கையெழுத்துப் போட்டபின், கடிதத்தைப் பதிவுத் தபாலில் சேர்த்தார்கள். ரசீதை வாங்கக் காந்திமதிநாதன் கையை நீட்டினார். முத்துவடிவு அதைத் தானே வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, ஒன்பதாம் எண் வகுப்பறைக்குப் பாடம் நடத்தப் போனாள்.