கந்தோரில் கேட்கப்படாத கேள்வி

குணம் அண்ணன் இறந்தது என்னால்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிக்கு வைத்தால் எனக்குச் சொல்ல வராது.

சகோதர சகோதரிகளே, என்னை உங்களுக்குத் தெரியும். பாலையூற்று ஜெபக் கூட்டத்தில் எப்போதும் கதவுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டு, முடிந்ததும் முதல் ஆளாக எழுந்து போகிறவன். எனக்கு ஐந்தாம் வகுப்புவரைதான் படிப்பு. அதற்கும் இந்த வாய்தான் காரணம். வாத்தியார் எழுப்பி வாசிக்கச் சொல்வார். எழுத்தெல்லாம் எனக்குத் தெரியும். கண்ணில் வரி நேராக ஓடும். தொண்டைக்கு வந்ததும் நின்றுவிடும். ஒருநாள் பாடம் முடியும்வரை புத்தகத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். அன்று பிள்ளைகள் எனக்கு ‘ஊமைச் சாமு’ என்று பெயர் வைத்தார்கள். அடுத்த நாள் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை.

வளர்ந்த பிறகு துறைமுகத்தில் வேலை கிடைத்தது. பேசத் தேவையில்லாத வேலை என்று சந்தோஷப்பட்டேன். கப்பலின் மேல்தட்டில் பெரிய திறப்பு ஒன்று இருக்கும். அதன் கீழே, ஆழத்தில், சரக்கு அறை. தேயிலைப் பெட்டிகளைக் கட்டித் தூக்கி அதற்குள் இறக்குவார்கள். பாரம் தூக்கும் வின்ச் பொறியை இயக்குபவருக்குக் கீழே நடப்பது தெரியாது. திறப்பின் ஓரத்தில் நிற்கும் என் கையைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருப்பார். நான் கையைத் தாழ்த்தினால் பாரம் இறங்கும். மடக்கினால் நிற்கும்.

முறைப்படி நான் முதலில் கீழே எட்டிப் பார்த்து ‘விலகு’ என்று கத்த வேண்டும். அதன் பிறகுதான் கை காட்ட வேண்டும். எனக்குக் கத்த வராது. அதனால் ஓர் இரும்புத் துண்டு வைத்திருந்தேன். திறப்பைச் சுற்றியுள்ள இரும்பு விளிம்பில் மூன்று தரம் தட்டுவேன். கீழே நிற்பவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். ஆறு வருஷம் அப்படியே நடந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

“சாமுவுக்குக் கல்யாணத்திலயும் ஓம் எண்டு சொல்ல வந்திராது. சுத்தியலால தட்டித்தான் தாலி கட்டியிருப்பான்” என்று குணம் அண்ணன் கீழே இருந்து பகிடி பண்ணுவார். நானும் சிரிப்பேன். அவர் சம்பூர்க்காரர். கிழமை நாட்களில் பட்டணத்தில் தங்கி வேலை செய்துவிட்டு, சனிக்கிழமைகளில் மூதூர் லோஞ்சிப் படகில் வீட்டுக்குப் போவார். வின்ச்சில் நிற்பவர் கிண்ணியா அபூபக்கர். அண்ணன் என்கிற முறையில் அவரை நானா என்போம். நாங்கள் மூன்று பேரும் பல வருஷம் ஒரே குழுவில் வேலை செய்தோம்.

அறுபத்துநாலாம் ஆண்டுச் சூறாவளி அடித்து மூன்றாம் வருஷம், மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலைத் தேத்தண்ணிக்கு இன்னும் நேரம் இருந்தது. அன்று கப்பல் மாலுமிகள் பத்துப் பேர் தட்டில் குந்தியிருந்து சுத்தியலால் இரும்பில் பிடித்த கறளைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். காது அடைக்கிற சத்தம். எல்லாம் இரும்பில் இரும்பு படுகிற சத்தம். பாரம் திறப்புக்கு மேலே வந்து நின்றது. நான் வழக்கம்போல மூன்று தரம் தட்டினேன். கை காட்டினேன்.

எட்டிப் பார்க்கவில்லை. ஆறு வருஷப் பழக்கம்.

பாரம் பாதி இறங்கியபோதுதான் கீழே பார்த்தேன். இருட்டுக்குள் ஒரு வெள்ளைத் துவாய் தெரிந்தது. குணம் அண்ணன் தலையில் கட்டுகிற துவாய். முதுகைக் காட்டியபடி குனிந்து பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் நின்றதைப் போலவே நின்றேன். பிறகுதான் கையை மடக்கினேன். நானா உடனே நிறுத்தினார். அதற்குள் முடிந்துவிட்டது.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வியாழக்கிழமை விடியற்காலை உயிர் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை துறைமுகக் கந்தோரில் பெரிய ஐயா முன்னால் விசாரணை. கீழே நின்றவர்கள், தட்டுகிற சத்தம் தங்களுக்குக் கேட்கவில்லை என்றார்கள். அது உண்மை. கறள் தட்டுகிற சத்தத்தோடு என் தட்டும் கலந்து போயிருந்தது. ஆனால் கங்காணியார் வேறு விதமாக விளங்கிக்கொண்டார். “சாமு தட்டமுந்தியே வின்ச்காரன் இறக்கிப்போட்டான் ஐயா. அவசரக்காரன்” என்றார். நானா எழுந்து, “நான் சாமுவுட கையைப் பாத்துத்தான் இறக்கினேன்” என்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அந்த நேரம் நான் ஒரு ஜெபம் செய்தேன். கந்தோரில் நின்று நான் செய்த அந்த ஜெபத்தை இன்றுவரை என் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை. ‘ஆண்டவரே, நீ கை காட்டினாயா என்று மட்டும் இவர்கள் என்னிடம் கேட்காமல் செய்யும்.’

பெரிய ஐயா என்னைப் பார்த்தார். “நீ தட்டினாயா?” என்று கேட்டார். தலையை ஆட்டினேன். அது பொய் இல்லை. “சரி, போ” என்றார்.

கேட்கவில்லை. என் வாழ்க்கையில் கேட்ட அந்தக் கணத்திலேயே கிடைத்த ஜெபம் அது ஒன்றுதான். நானாவை அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஆள் இறப்பதற்குக் காரணமானவன் என்ற பெயரோடு அவர் கிண்ணியாவுக்குப் போனார்.

அதன் பிறகு நான் பட்டதை எப்படிச் சொல்வேன்? சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் துவாய். வேலையில் அப்போதும் நான் கத்தவில்லை, அதே இரும்பால்தான் தட்டினேன். இந்தக் கூட்டத்துக்கு வருவேன். நீங்கள் எல்லாரும் சத்தமாக ஜெபிப்பீர்கள். நான் வாயை அசைப்பேன். முதல் ஜெபத்தை மாற்றிக் கேட்டேன். ‘ஆண்டவரே, யாராவது என்னிடம் கேட்கட்டும். கேட்டால் சொல்லிவிடுகிறேன்.’ ஐந்து மாதம் அப்படிக் கேட்டேன். ஒருவரும் கேட்கவில்லை. கர்த்தர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்று நினைத்தேன். கடல்முகக் கல்லில் நின்று தண்ணீரைப் பார்த்த நாளும் உண்டு.

ஆடி மாதம் கிண்ணியாத் துறைக்குப் போனேன். நானா அங்கே பாதை என்கிற மிதவைப் படகில் வண்டிகளை ஏற்றி இறக்கும் கூலிவேலை செய்துகொண்டிருந்தார். ஆள் கறுத்துப்போயிருந்தார். அவராவது கேட்பார் என்று முன்னால் போய் நின்றேன்.

“என்ன சாமு, இந்தப் பக்கம்?”

“சும்மா.”

“சும்மா ஒருத்தரும் இந்த வெயில்ல வர மாட்டாங்க.”

அவர் கயிற்றைச் சுற்றிக் கட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“நான் கேட்பன் எண்டு நிக்கிறீங்க, என்ன? கேட்க மாட்டன். என்ட கண்ணால கண்டத நான் ஏன் இன்னொருத்தர்ட்ட கேக்கணும்? கேக்காம சொல்ல ஏலுமெண்டா அங்க போய்ச் சொல்லுங்க. ஏலாதெண்டா வீட்ட போங்க. வெயில்.”

போகும்போது, குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று மட்டும் கேட்டார்.

அன்று வீட்டுக் குசினியில் என் மனைவி திரேசாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு நிலத்தில் இருந்தாள்.

“சொன்னால் வேலை போகுமெல்லே?”

“ஓம்.”

“சொல்லாட்டி நீங்களே போயிருவீங்கள். ஆள் பாதியாப் போச்சு.”

இருவரும் முழங்காலில் நின்றோம். ‘யாரும் கேட்க வேண்டாம் ஆண்டவரே. எனக்குச் சத்தத்தைத் தாரும். ஒரே ஒரு தரம் போதும்’ என்று கேட்டேன்.

காலையில் கப்பலுக்குப் போகுமுன் வாசலில் கங்காணியார் பெயர் கூப்பிடுவார். மற்றவர்கள் ‘ஓம் ஐயா’ என்பார்கள். நான் கையை உயர்த்துவேன். திங்கட்கிழமை என் பெயர் வந்தது. சொல்லத்தான் நினைத்தேன். கைதான் உயர்ந்தது. செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை கை உயரவில்லை. “சாமுவேல்!” என்று இரண்டாம் தரம் கூப்பிட்டார்.

“ஓம் ஐயா. ஒரு கதை சொல்லோணும்.”

“அடே, ஊமை வாய் திறந்திட்டான்! மழை வரப்போகுது, பெட்டியளை மூடுங்கோடா!” என்றார் கங்காணியார். இருநூறு பேர் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புக்கு மேலாக என் சத்தம் வந்தது. எங்கே இருந்தது அது, எனக்குத் தெரியாது. என் காதுக்கே வேறு ஆளின் சத்தம் போல இருந்தது.

“அபூபக்கர் நானா என்ர கையைப் பார்த்துத்தான் இறக்கினவர். முதல் நான்தான் கை காட்டினனான். கீழ பார்க்கேல்ல. கூப்பிடவும் இல்ல. குணம் அண்ணையை நான்தான் சாகக்குடுத்தனான்.”

பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்றவன் ஒரு அடி தள்ளி நின்றான். அந்தக் கிழமையே என்னை நிறுத்தினார்கள். நானாவைத் திரும்ப எடுக்க மூன்று மாதம் சென்றது.

நான் சம்பூருக்குப் போய் குணம் அண்ணனின் மனைவியிடமும் சொன்னேன். வாசலில் நின்றபடியே கேட்டார். அழவில்லை.

“தட்டினது அவருக்குக் கேட்டிராது, என்ன?”

“கேட்டிராது அக்கா.”

“பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பார். மெல்லமாக் கூப்பிட்டாலே திரும்புற மனுசன்.” அப்படிச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். இன்றுவரை அவர் என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. அதைக் கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

இரண்டு வருஷம் விறகு கொத்தினேன், மீன் பெட்டி சுமந்தேன். சில நாள் பட்டினி. ஆனால் சோறு கிடைத்த நாளில் இறங்கியது. பிறகு நானாவே கங்காணியாரோடு கதைத்து என்னைத் திரும்ப எடுப்பித்தார். கை காட்டும் வேலை இல்லை. கீழே, சரக்கு அறையில், குணம் அண்ணன் நின்ற இடத்தில். பாரம் மேலே வந்தால் முதலில் என் சத்தம்தான் கேட்கும். ‘விலகு! விலகு!’ என்று ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லிக் கத்துவேன். “சாமு அண்ணை கத்தினால் கோட்டைக்குள்ள நிக்கிற மானும் ஒதுங்கும்” என்கிறார்கள் பொடியள். பதினொரு வருஷமாக எங்கள் குழுவில் ஒருவருக்கும் காயமில்லை. இது என் கெட்டித்தனம் இல்லை. கேட்ட ஒரு தரத்துக்குப் பதிலாக ஒவ்வொரு நாளும் சத்தம் தருகிற ஆண்டவருக்கு நன்றி.

உங்களில் யாராவது என்னைப் போல, கேட்காமல் விடட்டும் என்று ஜெபித்துக்கொண்டிருந்தால், பயப்படுங்கள். அது கிடைத்துவிடும். அதை விட்டு, சொல்வதற்குப் பெலன் கேளுங்கள். தருவார். வேலை போகலாம், பெயர் போகலாம், ஒரு கதவு உங்கள் முகத்துக்கு நேரே சாத்தப்படலாம். அப்படியும் கேளுங்கள்.

இதை எழுதிப் போதகரிடம் கொடுத்தேன். கூச்சமாக இருந்தால் தானே வாசித்துவிடுவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். ஐந்தாம் வகுப்பில் வாசிக்காமல் விட்டதை இன்று நின்று நானே வாசிக்கிறேன். பின்வரிசை வாங்கில் இருப்பவர்களுக்குக் கேட்கிறதா? கேட்காவிட்டால் கையை உயர்த்துங்கள். இன்னும் சத்தமாக வாசிக்கிறேன்.