அவள் திறக்காத மதகு

கல்யாணமான புதிதில் எங்களுக்குள் பேசப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. இரண்டு குடும்பமும் ஒரே திருச்சபை, அவ்வளவுதான் பொது. அவள் கீழ்க்கட்டளையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். எனக்குத் தாம்பரத்தில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. இரும்புலியூரில் வாடகைக்கு வீடு எடுத்துக் குடிவந்தபோது, கல்யாணத்துக்கு முன் நான் ஆசையாக வாங்கி வைத்திருந்த வீடியோ கேம் பெட்டியைக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் டிவிக்குக் கீழே வைத்தேன். கல்யாணமானவன் இதையெல்லாம் மூட்டை கட்டிவிட வேண்டும் என்று என் அக்கா ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை நான் ஆடுவதை அவள் சாப்பாட்டு மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். நான் ஒரே பாலத்தில் திரும்பத் திரும்ப விழுவதைப் பொறுக்க முடியாமல் எழுந்து வந்து, "குடுப்பா அத" என்று கண்ட்ரோலரை வாங்கினாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஆடுவது அவள், பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வது நான். எங்கள் பேச்சு அங்கேதான் தொடங்கியது.

நாங்கள் அதிகம் ஆடியது ஒரு வெள்ள நாட்டுக் கதை. ஒரு படகுக்காரி, தண்ணீர் சூழ்ந்த ஊர்களைக் கடந்து கடலுக்குப் போக வேண்டும். நடுவில் ஓர் ஏரி நிரம்பி உடையப் போகிறது. மதகைத் திறந்தால் கீழே இருக்கும் குடியிருப்பு மூழ்கும். திறக்காவிட்டால் மேல்பக்கக் கரை உடைந்து அங்கே இருக்கும் குடியிருப்பு மூழ்கும். திரையில் இரண்டே வழிதான் காட்டுவார்கள். என் மனைவி இரண்டையும் தேர்ந்தெடுக்க மறுத்தாள். மதகைத் தொடாமல், கரை உடைவதற்குள் மேல் குடியிருப்புக்காரர்கள் எல்லோரையும் படகில் ஏற்றி இறக்க முயன்றாள். ஒவ்வொரு தடவையும் யாராவது விட்டுப்போவார்கள், திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவாள். வெளியே ஜிஎஸ்டி ரோட்டில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டே போகும், அடுப்பில் குக்கர் கத்தும், அவள் காதில் எதுவும் விழாது. கடைசியில் அத்தனை பேரையும் கரை சேர்த்தாள். வீடுகள் மட்டும் போயின. ஆட்டத்தை அந்த இடத்தில் சேமித்துவிட்டுப் படுத்தோம்.

அதற்கடுத்த வாரம் வகுப்பில் போர்டில் எழுதிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். காதுக்குள் ஏதோ கிருமி, உடம்பைச் சமநிலையில் வைக்கும் நரம்பைப் பாதித்திருக்கிறது என்றார் டாக்டர். சரியாகிவிடும், நாளாகும் என்றார். எழுந்தால் சுற்றியது, திரும்பிப் படுத்தால் சுற்றியது. அசையும் எதைப் பார்த்தாலும் குமட்டல். மின்விசிறியைக்கூட நிமிர்ந்து பார்க்க மாட்டாள். கூடுவாஞ்சேரியிலிருந்து வந்த அவள் அம்மா, டிவி மேல் ஒரு துப்பட்டியைப் போர்த்திவிட்டு, "கொஞ்ச நாள் இத மூடியே வெச்சிருங்க மாப்ள" என்றார்.

பள்ளியில் நீண்ட விடுப்பு எடுத்தாள். தலைசுற்றலைவிட அதுதான் அவளைப் படுத்தியது. ஒரு வேலையும் செய்யாமல் உட்கார அவளுக்குத் தெரியாது. துணி மடிக்க எழுந்து, சுவரைப் பிடித்து நின்று, திரும்ப வந்து உட்காருவாள். "எல்லாரும் ஓடுறாங்க, நான் மட்டும் குந்த வெச்ச பொம்ம மாதிரி இருக்கேன்" என்று ஒருநாள் அழுதாள். காப்பி போட்டுக் கொடுத்தேன்.

அப்போதுதான் அவள் கேட்டாள், "அந்தப் படகுக்காரி கடலுக்குப் போனாளா?"

"நான் ஆடிப் பாத்து சொல்லட்டுமா?"

"வேணாம். நீ சினிமா கத சொன்னாலே ரெண்டு நிமிஷத்துல முடிச்சிடுவ."

அந்தக் கேமைத் தழுவி ஒரு காமிக்ஸ் புத்தகம் வந்திருப்பது எனக்கு அலுவலகத்தில் மதிய இடைவேளையில் தேடியபோது தெரிந்தது. படம் அசையாது, அவளால் பார்க்க முடியும். உடனே ஆர்டர் செய்தேன். பார்சல் கொண்டுவந்தவர் தெரு தெரியாமல் போன் செய்தார். "சார், வாட்டர் டேங்க்காண்ட நின்னுகினு கீறேன். உங்க வூடு எங்க கீது?" நான் செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய் வாங்கி வந்தேன்.

முதலில் ஒரு பக்கம் பார்ப்பாள், கண்ணை மூடிக்கொள்வாள். பிறகு அடுத்த பக்கம். கட்டம் கட்டமாக, விரலை வைத்துக்கொண்டு படித்தாள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ நான் வேலையிலிருந்து வந்தபோது புத்தகம் கட்டிலின் அந்தப் பக்கம் தரையில் கிடந்தது.

"இவ மதகைத் திறந்துட்டாப்பா."

"யாரு, படகுக்காரியா?" என்றேன்.

"கீழ இருக்கற ஊரே போயிடுச்சு. இவ கரையில நின்னு அழறா, முழுப் பக்கத்துக்கு. படம் ரொம்ப நல்லா இருக்கு, அதான் இன்னும் எரிச்சலா இருக்கு. நான் எத்தன தடவ போராடினேன்! நான் திறக்கவே இல்லயே!"

புத்தகத்தில் ஒரு வழிதானே போட முடியும், யாரோ ஒருத்தர் தேர்ந்தெடுத்திருப்பார் என்றேன்.

"எங்கிட்ட கேட்டாங்களா?" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. நல்ல எண்ணத்தில் வாங்கித் தந்து, இருந்த ஒரே சந்தோஷத்தையும் கெடுத்துவிட்டோமே என்று எனக்குச் சங்கடமாகப் போயிற்று. புத்தகத்தை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் ஆராதனை முடிந்து வந்தபோது அது மறுபடி அவள் மடியில் இருந்தது. ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படகுக்காரி ஓர் இடிந்த சுவர்மேல் உட்கார்ந்திருக்கிறாள். துடுப்பு பக்கத்தில் கிடக்கிறது. கையில் ஒரு ரொட்டித் துண்டு. வசனம் ஒன்றுமில்லை. அடுத்த கட்டத்திலும் அதே இடம்தான், வெயில் மட்டும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. அதற்கடுத்ததிலும் அப்படியே.

"கேம்ல இவ ஒருதடவகூட உக்காந்து நான் பாத்ததில்ல," என்றாள். "நாம கண்ட்ரோலர வெச்சிட்டுப் போனாக்கூட நின்னுக்கிட்டு மூச்சு வாங்குவா. இதுல உக்கார வெச்சிருக்காங்க பாரேன்."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை. "இந்தப் பக்கத்த வரஞ்சவங்களுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு," என்றாள். அன்று மாலை அவள் துணி மடிக்க எழுந்திருக்கவில்லை. நான் மடித்தேன். சரியாக மடிக்கவில்லை என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

சில நாள் கழித்து அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். "அது அவங்க ஆடின ஆட்டம். நம்ம ஆட்டம் அந்தப் பெட்டிக்குள்ள அப்படியேதான இருக்கு? நீ ஆடு. நான் இந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கறேன்."

துப்பட்டியை எடுத்தேன். அவள் டிவிக்கு முதுகைக் காட்டி, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள். மடியில் காமிக்ஸ். மதகுக்குப் பிறகு கதை வேறாகிவிட்டாலும் ஊர்கள் அதே ஊர்கள்தான். "இப்ப எங்க இருக்க? மணிக்கூண்டு தெரியுதா?" என்று பக்கத்தைப் புரட்டுவாள். "தெரியுது." "அதுக்குப் பின்னால ஒரு சந்து போட்டிருக்காங்க, அதுல போ." சந்து இருக்கும். சில சமயம் இருக்காது. வரைந்தவர் தன் விருப்பத்துக்குப் போட்டிருப்பார். நான் சுவரில் மோதி நிற்பேன். "என்ன சத்தம்? மோதிட்டியா?" என்று திரும்பாமலே திட்டுவாள்.

நான் மோசமான ஆட்டக்காரன் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பார்ப்பதைச் சொல்லக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டேன். முதலில் "தண்ணி இருக்கு" என்றுதான் சொல்வேன். "எப்படிப்பட்ட தண்ணி?" என்று கேட்டுக் கேட்டு, கலங்கிய தண்ணீரா, மேலே எண்ணெய் மிதக்கிறதா, கூரை தெரிகிறதா என்றெல்லாம் சொல்ல வைத்தாள். முன்பு எத்தனையோ தடவை ஆடியும் நான் பார்க்காததையெல்லாம் அப்போதுதான் பார்த்தேன்.

காமிக்ஸில் படகுக்காரி தனியாகக் கடலுக்குப் போகிறாள். யாரும் அவளை மன்னிப்பதில்லை. எங்கள் ஆட்டத்தில் முகத்துவாரத்தை அடைந்தபோது கரையில் ஆட்கள் நின்றார்கள்.

"யாரு?" என்றாள்.

"மேல் குடியிருப்புக்காரங்க. நீ ஏத்திவிட்டவங்க. எல்லாரும் வந்திருக்காங்க போல."

"என்ன பண்றாங்க?"

"கை அசைக்கறாங்க. உன் படகப் பாத்துதான்."

 அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திரும்பினாள். திரையைப் பார்த்தாள். படகு லேசாக ஆடிக்கொண்டிருந்தது. நான் கண்ட்ரோலரைத் தொடாமல் இருந்தேன். கொஞ்ச நேரம்தான். கண்ணை மூடிக்கொண்டு என் தோளில் நெற்றியை வைத்தாள்.

"சுத்துதா?"

"சுத்துது. பரவால்ல. பாத்துட்டேன்."

அடுத்த பருவத்தில் பள்ளிக்குத் திரும்பினாள். நாற்காலியில் உட்கார்ந்தே பாடம் எடுக்கிறாள். போர்டில் எழுதப் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு வருகிறார்களாம். டாக்டர் சொன்ன கண் பயிற்சியைத் தினமும் செய்கிறாள். கொஞ்ச நேரம் டிவி பார்க்க முடிகிறது. புதிதாக ஒரு கேம் வாங்கலாமா என்று போன வாரம் கேட்டேன். "ரொம்ப மெதுவா நகர்றதா எதாவது பாரு" என்றாள். தேடிக்கொண்டிருக்கிறேன்.