பால் பாக்கெட்டோடு வந்த பழி

வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்பார்கள். இருபது வருடமாக மாமல்லபுரத்தில் டூரிஸ்ட் கைடாக, வாயாலேயே சோறு தின்றவன் நான். ஜெயக்குமார் என்று சொன்னால் இளநீர்க் கடைக்காரர்கூட, "அந்த லொடலொடவா?" என்று கேட்பார். ஹிந்தியில் கதை விடுவேன். பிரெஞ்சு பாதி தெரியும், தெரியாத பாதியைக் கையால் பேசிவிடுவேன்.

தொழிலில் எனக்கு ஒரு ரகசியம் உண்டு. கூட்டம் வெயிலில் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கும்போது, அதில் சின்னக் குழந்தை எது என்று பார்ப்பேன். சரிவில் உருண்டு விழப்போவதுபோல் நிற்கும் வெண்ணெய் உருண்டைப் பாறைக்குக் கீழே அதைக் கொண்டுபோய் நிறுத்தி, "இத்தினி வருஷமா உருளாத பாறை. இன்னிக்கு உருண்டா இந்தப் பாப்பாதான் காரணம், எல்லாரும் பாத்துக்குங்க" என்பேன். கூட்டம் சிரிக்கும். குழந்தை திருதிருவென்று முழிக்கும். அந்த முழிக்குத்தான் எனக்கு டிப்ஸே. குழந்தைக்கு எப்படியிருக்கும் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

கொரோனா இரண்டாவது அலையில் எல்லா இடத்துக்கும் பூட்டுப் போட்டார்கள். வீட்டில் நான், மனைவி ரேணுகா, ஒன்பது வயது மகள் துர்காதேவி. வாய்க்கு வேலையில்லாமல் மூன்று நாள் தாங்கினேன். நான்காவது நாள், மாத்திரை வாங்கப் போவதாக ரேணுகாவிடம் புளுகிவிட்டுச் சவுக்குத் தோப்புக்குச் சீட்டாடப் போனேன். ஐந்து பேர், ஒரு சீட்டுக்கட்டு, ஒரே தண்ணீர் பாட்டில். ஒருவன் இருமிக்கொண்டே ஆடினான். தூசு என்றான். ஊருக்கே கதை விடுகிற நான் அந்தக் கதையை நம்பினேன்.

ஒரே வாரத்தில் காய்ச்சல், மூச்சுத் திணறல். ஆம்புலன்ஸ் வந்தது. தெருவே அவரவர் வாசலில் நின்று பார்த்தது. "எங்க போயி வாங்கினு வந்த நைனா?" என்று எதிர்வீட்டு ராமதாஸ் அண்ணன் மாடியிலிருந்து கேட்டார். சீட்டாட்டத்தைச் சொன்னால் வைரஸுக்கு முன்னால் ரேணுகாவே என்னைத் தீர்த்துவிடுவாள். மூச்சு போனாலும் தொழில் புத்தி போகவில்லை. கதவோரம் நின்ற துர்காவைக் கைகாட்டினேன்.

"எல்லாம் இவதான் அண்ணாத்த. பால் வாங்கப் போனவ, பாலோட கொரோனாவையும் வாங்கினு வந்துட்டா."

கவச உடை போட்டிருந்தவர்கூடச் சிரித்தார். நான் திருப்தியாக ஏறிப் படுத்துக்கொண்டேன்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பதினாறு நாள். அதில் நான்கு நாள் பிழைப்பேனா என்று வீட்டுக்கு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒருவழியாகத் திரும்பி வந்தபோது துர்கா ஓடிவரவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்த் தனியாகச் சாப்பிட்டாள். யாரும் சொல்லாமலே தனியாகப் பாய் போட்டுக்கொண்டாள். துணி சோப்பால் கையைக் கழுவிக் கழுவி விரலெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"உன்ன ஏத்தினு போன நாள்லருந்து இப்டிதான் கீறா. ஒரு வார்த்த பேசல" என்றாள் ரேணுகா. தெருப் பிள்ளைகள் அவளைக் கண்டால் "பால் கொரோனா" என்று கத்திவிட்டு உள்ளே ஓடினார்களாம்.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? மகளைச் சிரிக்கவைக்கக் கிளம்பினேன். குரங்கு தொப்பியைப் பறித்த கதை, வெள்ளைக்காரர் செருப்பைத் தொலைத்த கதை, எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிப் புத்தகம் கொடுக்க வந்த ஸ்ரீதேவி டீச்சர் அரைமணி நேரம் இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு, "சார், கோச்சிக்காதீங்க. கொஞ்சம் வாய மூடிகினு அவ பக்கத்துல உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தேன். இரண்டு நாள் வாயை மூடியிருந்ததில் எனக்குத் தாடையே வலித்தது. மூன்றாம் நாள் மதியம், என் பக்கம் திரும்பாமலே துர்கா பேசினாள்.

"நான் மாஸ்க் போட்டுனுதான்பா போனேன். மூக்குக்கு மேல ஏத்திதான் போட்டேன். யாரையும் தொடல. தள்ளி நின்னுதான் வாங்கினேன்."

மூன்று வாரமாக இந்தச் சாட்சியத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டு புழுங்கியிருக்கிறாள் குழந்தை.

"நீ இல்லடா கண்ணு. நான்தான்" என்றேன். சீட்டாட்டத்தைச் சொன்னேன். இருமியவனைச் சொன்னேன்.

அவள் அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். "தெருல சொல்லு" என்றாள்.

சாயங்காலம் தெருவில் இறங்கி நின்றேன். ஆயிரம் பேர் முன்னால் பேசியவனுக்குப் பத்து வீட்டுக்காரர்கள் முன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டது. திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ராமதாஸ் அண்ணன், "ஏன்டா, பச்சப் புள்ள மேலயா போட்ட?" என்று மட்டும் கேட்டார். கரண்டியோடு வாசலில் நின்று கேட்ட ரேணுகா உள்ளே போனாள். அப்புறம் ஒரு வாரம் எனக்குச் சோறு நானே வடித்தேன். தினமும் குழைந்தது.

அப்படிக் குழைந்த சோற்றை ஒரு நாள் பிசைந்துகொண்டிருந்தபோது, துர்கா தன் தட்டோடு வந்து என்னை ஒட்டி உட்கார்ந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டாள்.

"நான் இல்லன்னு உனக்கு ஆம்புலன்ஸ் வந்த அன்னிக்கே தெரியுமாப்பா?" என்று கேட்டாள்.

"தெரியும்" என்றேன்.

கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடி சாப்பிட ஆரம்பித்தாள்.