அவர் காலடியில் இருந்த பிரேக்

நாற்பத்திரண்டு வயதில்தான் எனக்குக் கார் ஓட்டப் படிக்க வேண்டிய தேவை வந்தது. கணவருக்கு ஷார்ஜாவில் வேலை. போன விடுமுறையில் அவர் வாங்கிவிட்டுப் போன கார் முற்றத்தில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது. நானோ பூதப்பாண்டிப் பக்கத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு தனியார் மருத்துவமனையில் பிசியோதெரபி பார்க்கிறேன்.

என்னிடம் வருகிறவர்களில் பலர் ரோட்டில் விழுந்தவர்கள். முட்டி மடங்காது, தோள் உயராது. வலியில் பல்லைக் கடித்தபடியே நடந்ததைச் சொல்வார்கள். ஹெல்மெட் பெட்ரோல் டாங்கின் மேல் இருந்தது. பஸ்ஸை இடதுபக்கமாக முந்திப் போனேன். போன் அடித்தது, எடுத்தேன். இத்தனையும் சொல்லிவிட்டுக் கடைசியில் தலைவிதி என்று முடிப்பார்கள். சாலை விதி என்ற வார்த்தையை ஒருவர் வாயிலும் நான் கேட்டதில்லை. வருஷக்கணக்காக இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல்தான் மிச்சம். ஓட்டினால் ஒழுங்காகப் படித்துவிட்டுத்தான் ஓட்டுவது என்று தீர்மானித்தேன்.

எங்கள் பக்கத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவரை எல்லாரும் ஆசான் என்பார்கள். என்னைவிட இளையவர். எந்நேரமும் காதில் போன். சேர்ந்த அன்றே, சாலை விதிகளுக்குப் புத்தகம் ஏதாவது தருவீர்களா என்று கேட்டேன்.

"புத்தகமா? அது எதுக்காக்கும்? ஸ்டியரிங்கப் பிடிச்சா மத்ததெல்லாம் தன்னால வரும். ஒண்ணும் பேடிக்காண்டாம் அக்கா, பயம் எதுக்கு? லைசென்ஸ் வாங்கித் தாறது எம் பொறுப்பு."

நானே கடையில் ஒன்று வாங்கி, இரண்டு வாரம் பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். எல்.எல்.ஆர். தேர்வு கம்ப்யூட்டரில். முதல் கேள்வி திரையில் வந்ததுமே, பின்னால் நின்ற ஆசான் என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டினார்.

"ரெண்டாவது. ரெண்டாவத அமுக்குங்க."

"கைய எடுங்க ஆசானே. எனக்குத் தெரியும்."

"நேரம் போவுதுக்கா. இன்னும் நாலு பேரு நிக்காவ."

"நிக்கட்டு. தோத்தாலும் சாரமில்ல, நானே போடுதேன்."

அவர் சிரித்துக்கொண்டே பக்கத்து நாற்காலிக்குப் போனார். அங்கிருந்த பெண்ணுக்கு ஒவ்வொரு கேள்விக்கும் அவரே விடையை அமுக்கிக்கொடுத்தார். அவள் திரையைக்கூடப் பார்க்கவில்லை. துப்பட்டாவில் பின் குத்திக்கொண்டிருந்தாள். எனக்கு இரண்டு விடை தப்பு. அவளுக்கு எல்லாமே சரி. வெளியே வந்ததும், படிக்கவே இல்லையா என்று அவளிடம் கேட்டேன்.

"எனக்கு இதொண்ணும் அறியாதுக்கா. படிக்காண்டாம்னு அவருதான சொன்னாரு?"

அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. படிக்க வந்தவளைப் படிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிற ஒருவர் தன்னை ஆசான் என்று கூப்பிட விடுகிறாரே, அதுதான் எரிந்தது.

பயிற்சி தொடங்கியது. அவர் காலடியிலும் ஒரு கிளச்சும் ஒரு பிரேக்கும் உண்டு. பாதி நேரம் அவரே மிதிப்பார். நான் ஓட்டுகிறேனா அவர் ஓட்டுகிறாரா என்று எனக்கே தெரியாது. கேட்டால், "பழக்கத்துல வரும்" என்பார்.

பத்தாவது நாளோ என்னவோ, மாலை நேரம். பூதப்பாண்டிச் சாலையில் எங்களுக்கு முன்னால் ஒரு பஸ் நின்று ஆள் இறக்கிக்கொண்டிருந்தது. நானும் வேகத்தைக் குறைத்தேன்.

"என்னத்துக்கு நிக்கிறிய? ஹாரன் அடிச்சுட்டு வலத்தோட்டு எடுத்துப் போங்க" என்றார் ஆசான்.

"முன்னால ஒண்ணும் தெரியல்லியே."

"அட, போங்கன்னா. நான் பிரேக் பிடிப்பேன்லா?"

படித்ததெல்லாம் தெரிந்தே, அந்த வார்த்தையை நம்பிக் காரை எடுத்தேன். பஸ்ஸின் முகப்பைத் தாண்டியபோது பள்ளிச் சீருடையில் ஒரு பெண்பிள்ளை சைக்கிளை உருட்டிக்கொண்டு குறுக்கே வந்தாள். அவர் காலடியில் இருந்த பிரேக் அசையவில்லை. அவர் குனிந்து போனில் யாருக்கோ எண் தேடிக்கொண்டிருந்தார். நான்தான் மிதித்தேன். கார் குலுங்கி நின்றது. ஆனாலும் சைக்கிளின் முன்சக்கரத்தில் இடித்து, பிள்ளை விழுந்தாள்.

கண்ணாடியை இறக்கி ஆசான் கத்தினார்: "கண்ணு தெரியாதா பிள்ளே? ரோட்டுலயா வந்து சாடுவ?"

நான் இறங்கி ஓடினேன். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. எலும்புக்கு ஒன்றும் இல்லை என்பதைத் தொட்டுப் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் சுற்றிக் கூடினார்கள். ஆசானும் அவர்களைப் பார்த்து, பிள்ளைதான் பாராமல் வந்தாள் என்று ஆரம்பித்தார்.

"அவ மேல தப்பில்ல. நிக்கிற பஸ்ஸத் தாண்டி நான்தான் காரை எடுத்தேன்" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

"அக்கா, வாய மூடுங்க. கேசாக்கிருவாவ" என்று அவர் என் காதருகே சீறினார்.

பிள்ளையை ஆட்டோவில் ஏற்றிக் கிளினிக்கில் கட்டுப்போட்டு, அவள் வீட்டுக்கு நானே கூட்டிப்போனேன். ஆசான் வரவில்லை. கதவைத் திறந்த அம்மா முதலில் மகளைத் தலைமுதல் கால்வரை தடவிப் பார்த்தாள். எங்கே வேலை பார்க்கிறேன் என்பதையும் நடந்ததையும் நான் சொல்லச் சொல்ல அவள் முகம் சிவந்தது.

"நீங்க காரு படிக்கதுக்கு எம் பிள்ளதான் கெடச்சாளா? பஸ்சு நிக்குன்னா ஆளு எறங்கும், குறுக்க வரும்னு ஒரு விவரம் வேண்டாமா? ஆஸ்பத்திரியில வேல பாத்தா மட்டும் போருமா?"

அவள் சொன்ன ஒவ்வொன்றும் நியாயம். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். மறுநாள் சைக்கிளைச் சரிபண்ணிக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவள் வாங்கிக்கொண்டாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. சொல்லாதது சரிதான்.

விபத்து நடந்த இரவு முழுக்க என் மேலேயே கோபம். மற்றவர்களுக்கு மட்டும் விதி தெரியாது என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் இன்னொருவர் சொன்னார் என்று மீறினேன். இது அதைவிடக் கேவலம்.

மறுவாரம் ஆசானிடம் போனேன். பக்கத்தில் வேறு ஸ்கூல் இல்லை, இருந்தாலும் போயிருக்கமாட்டேன். இவரிடமே ஒழுங்காகப் படித்துக் காட்ட வேண்டும் என்ற வீம்பு.

"இனி வண்டியில ஏறினா உங்க போன் டிக்கியில கெடக்கணும். உங்க கால் பெடலுக்குப் போவக்கூடாது, ஆபத்துன்னா மட்டும் பிரேக். பஸ் நின்னா நானும் நிப்பேன். சம்மதமா?"

"இப்பிடிப் படிச்சா பத்து வருஷமாவும்."

"ஆவட்டு."

முணுமுணுத்துக்கொண்டே போனைக் கொண்டுபோய் டிக்கியில் வைத்தார். அடுத்த நாட்களில் வண்டி நடுரோட்டில் எத்தனையோ தடவை அணைந்தது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், ஏசினார்கள். "ஏலே, பொம்பளயாக்கும் ஓட்டுகது" என்று ஒருவன் கத்திவிட்டுப் போனான். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி சாவியைத் திருகினேன்.

டெஸ்ட் அன்று பிரேக் இன்ஸ்பெக்டர் பின்சீட்டில் உட்கார்ந்தார். ஏறுவதற்கு முன்னால் ஆசான் மெதுவாக, "நீங்க ஸ்டியரிங்கப் பிடிச்சா போரும், மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்றார். "உங்க கால் பெடல்ல அனங்கினா பின்னால இருக்கவர்ட்ட சொல்லிருவேன்" என்றேன். மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர். கார் பின்னால் உருண்டு அணைந்துபோனது. பதற்றத்தில் மறுபடியும் அணைந்தது.

"இன்னும் பழகிட்டு வாங்கம்மா" என்றார் அவர். துப்பட்டாவில் பின் குத்திக்கொண்டிருந்த பெண் அன்றே தேறினாள். ஆசான் காலால் தேறினாள். என்னைப் பார்த்து ஆசான் சிரித்த சிரிப்பை மறக்கமாட்டேன்.

அடுத்த வாரம் முழுக்க, வேலைக்குப் போகும் முன் ஆசானைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு மேட்டில் ஏறி நிறுத்தி, ஏறி நிறுத்தி, இடது கால் மரத்துப் போகும்வரை பழகினேன். இரண்டாம் தடவை கார் ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகவில்லை. லைசென்ஸ் வந்தது.

நான்கு மாதம் கழித்துக் கணவர் விடுமுறைக்கு வந்தார். ஞாயிறு ஆராதனை முடிந்து தக்கலையில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினோம். ஷார்ஜாவில் அவர் பெல்ட் போடாமல் காரை நகர்த்தமாட்டார். ஆளே இல்லாத ரோட்டிலும் சிவப்பு விளக்குக்கு நிற்பார். இங்கே என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தவர் பெல்ட்டைத் தொடவே இல்லை. வில்லுக்குறி வரைக்கும் மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன்.

"இது நம்ம ஊருதான? இங்க யாரு கேக்கப் போறா?"

வண்டியை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தேன்.

"நான் கேக்கேன்."

"கல்யாணத்துக்கு நேரமாவுது."

"ஆவட்டு. அங்க அபராதத்துக்குப் பேடிச்சுப் போடுவிய. இங்க செத்தாலும் பரவாயில்ல, இல்லியா? உங்க முட்டிய மடக்கிவிடக்கும் நான்தான இருக்கேன்?"

என் குரல் உயர்ந்ததில் எனக்கே ஆச்சரியம். ரோட்டில் நடந்துபோனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எங்களைத் தாண்டி இரண்டு பஸ் போன பிறகுதான் அவர் பெல்ட்டை இழுத்து மாட்டினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. திரும்பும்போது அவர் தானாகவே பெல்ட் போட்டார். அதற்காக நான் அவரைப் பாராட்டவில்லை.