யார் கத்துகிறார்கள் என்று பார்ப்போம்

அவளுக்குத் துருவி என்று பெயர் வைத்தது அலுவலகம். பெற்றவர்கள் வைத்த பெயர் கழுத்தில் தொங்கும் அட்டையில் பத்திரமாக இருந்தது. அதை யாரும் கூப்பிட்டு அழுக்காக்கவில்லை. சேர்ந்த முதல் வாரமே, லிஃப்டில் மற்ற பொத்தானெல்லாம் தேய்ந்திருக்க ஐந்தாம் மாடிப் பொத்தான் மட்டும் ஏன் புதுசாக மின்னுகிறது, அங்கே யார்தான் இருக்கிறார்கள் என்று கேட்டாள். பல வருடங்களாக அந்தப் பொத்தானை அழுத்தாமல் போய்வந்தவர்கள் அன்றைக்குத்தான் அதைத் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து இருக்கைக்காரர், குழுவிலேயே மூத்தவர், எல்லோரும் சித்தப்பா என்று கூப்பிடுபவர், "இந்தப் பொண்ணு நம்மளைத் துருவித் தட்டுல வச்சிடும் போலிருக்கே" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது.

கம்பெனி பெரிய கம்பெனி. எவ்வளவு பெரிசு என்றால், மூன்றாம் மாடியில் ஒருவர் கண் எரிய எழுதியதை ஏழாம் மாடியில் இன்னொருவர் அதே நேரத்தில் அழித்துக்கொண்டிருப்பார். சாயங்காலம் இருவரும் ஒரே லிஃப்டில் இறங்கி, ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்து வீட்டுக்குப் போவார்கள். கட்டிடம் முழுக்கக் கண்ணாடி. திறக்கிற ஜன்னல் ஒன்றுகூடக் கிடையாது. காற்று வேண்டுமென்றால் ஏ.சி. மனசு வைக்க வேண்டும்.

மகள் பிறந்ததும் வேலையை விட்டவள் துருவி. மகளுக்கு நான்கு வயதானதும் திரும்பி வந்தாள். கணவனுக்கு மருந்துக்கடையில் வேலை. ஒரு வாரம் காலையில், மறு வாரம் மாலையில் என்று மாறி மாறி வரும். இந்தக் கம்பெனியின் கீழ்த்தளத்தில் குழந்தைகள் காப்பகம் இருந்தது. அம்மாவையும் மகளையும் ஒரே வாசலில் உள்ளே விடுகிற இடம் சுற்றுவட்டாரத்தில் இது ஒன்றுதான். ஆனால் அவள் இன்னும் தகுதிகாண் பருவத்தில் இருந்தாள். நிரந்தரம் செய்வதா, நன்றி சொல்லி அனுப்புவதா என்று குழுத் தலைவர் எழுதித் தர வேண்டும். அவள் போனால் காப்பகத்தில் மகளுடைய சின்ன நாற்காலியும் போய்விடும்.

குழுத் தலைவருக்கு அடுத்தது என்று பெயர். கெட்டவர் இல்லை. எந்தக் கூட்டத்திலும் எவர் எதைச் சொன்னாலும் "ஓகே, அடுத்தது" என்பார். ஒருமுறை சித்தப்பா தனக்குப் பேரன் பிறந்திருப்பதாகச் சொன்னபோதும் அதையே சொன்னார்; சித்தப்பாவின் மருமகள் காதுக்கு இது எட்டாமல் பார்த்துக்கொண்டார்கள்.

துருவிக்குக் கொடுக்கப்பட்ட வேலை ஒரு பழைய புரோகிராமை அணைப்பது. எது வேலை நாள், எது விடுமுறை, யார் லீவு என்று ஒரு காலத்தில் கம்பெனி முழுவதற்கும் பதில் சொன்னது அது. இப்போது அதற்கெல்லாம் புதுசு வந்துவிட்டது. எல்லோரும் புதுசிடம் போய்விட்டார்கள். பெரியவர் என்று குழுவில் அழைக்கப்பட்ட அந்தப் பழசு, ஒரு மூலையில் தனக்குத்தானே ஓடிக்கொண்டிருந்தது.

அணைக்குமுன் அதனிடம் யாராவது இன்னும் பேசுகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள் துருவி. பேசினார்கள். ஒரே ஒருவர். தினமும் விடியுமுன், ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல், ஒரே ஒரு கேள்வி: இன்று வேலை நாளா? பெரியவர் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்வார். அவ்வளவுதான், மறுநாள்வரை பேச்சுமூச்சு இருக்காது. கேட்பவருக்குப் பெயர் இல்லை. வெறும் எண்களால் ஆன ஒரு முகவரி மட்டும் இருந்தது. அந்த முகவரி எங்கே இருக்கிறது என்று நெட்வொர்க் பிரிவைக் கேட்டால், "டிக்கெட் போடுங்க" என்றார்கள், அதாவது கணினியில் கோரிக்கை பதியச் சொன்னார்கள். போட்டாள். டிக்கெட் போன இடத்தில் புல் முளைத்தது.

அவளுக்கோ இருப்புக் கொள்ளவில்லை. கோழி கூவுமுன் எழுந்து, இன்றைக்கு வேலை உண்டா என்று கேட்கும் அந்த ஆத்மா யார்?

"வேற யாரு, லீவுக்கு ஏங்கற ஏதோ ஒரு சோம்பேறிதான்" என்றார் சித்தப்பா.

"சோம்பேறி அவ்வளவு சீக்கிரம் எழுந்திருப்பானா சித்தப்பா?"

"கேட்டுட்டு மறுபடி படுத்துப்பான்ம்மா."

வீட்டில் கணவனிடம் சொன்னாள். அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டபடியே, "உனக்கு இருக்கிற கேள்வி பத்தாதுன்னு இப்ப அடுத்தவங்க கேள்வியையும் வீட்டுக்குத் தூக்கிட்டு வர்றியா?" என்றான். மகள் மட்டும் விஷயத்தைத் தீவிரமாக எடுத்துக்கொண்டாள். "அதுக்கு அம்மா இல்லையா? அதான் கேக்குது" என்றாள்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பழைய புரோகிராமை யார் பயன்படுத்துகிறார்கள் என்று ஒருவருக்குமே தெரியவில்லையென்றால், சத்தம் போடாமல் அதை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எங்கிருந்தாவது எவராவது அலறினால் ஆள் அகப்பட்டார். ஓடிப்போய்த் திரும்பப் போட்டுவிடலாம். யாரும் அலறாவிட்டால் பழசைப் புதைத்துவிடலாம். இதற்குக் கத்தல் சோதனை என்று பெயர். பெரிய பெரிய பட்டம் வாங்கியவர்கள் கூடி உட்கார்ந்து கண்டுபிடித்த முறை. காலை மிதித்துப் பார்த்துத்தான் அங்கே கால் இருக்கிறதா என்று தெரிந்துகொள்வார்கள்.

"சார், இன்னும் ஒரு வாரம் குடுங்க. யாருன்னு கண்டுபிடிச்சிடறேன்" என்று கேட்டாள் துருவி.

"எதுக்கு? வெள்ளிக்கிழமை அணைச்சிடுங்க. ஆள் இருந்தா கத்தட்டும்."

"கத்தத் தெரியாத ஆளா இருந்தா?"

அடுத்தது தன் மேசைமேல் இருந்த ஒரு தாளை விரலால் தட்டினார். "பாருங்க, உங்க பேப்பர் என் மேசையிலதான் இருக்கு. திங்கக்கிழமை பெரிய மேடம் வர்றாங்க. பெரியவரை அனுப்பியாச்சு, யாரும் கத்தலைன்னு நான் சொல்லணும். சொன்ன கையோட உங்க பேப்பர்ல கையெழுத்துப் போடறேன். ஓகே?"

அவள் வாயைத் திறந்தாள்.

"அடுத்தது" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரியவர் கண்ணை மூடினார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் துருவி போனைக் கையைவிட்டு இறக்கவில்லை. ஒரு சத்தம் இல்லை. அதில் அவளுக்கு நிம்மதியைவிட வருத்தம்தான் அதிகம். தினமும் கேட்டவர், பதில் வராமல் போனதும் பேசாமல் திரும்பிப் போய்விட்டாரா?

திங்கட்கிழமை காலை கட்டிடத்துக்குள் நுழைந்தவர்களுக்கு வாசலிலேயே மூச்சு முட்டியது. ஏ.சி. ஓடவில்லை. இரண்டு நாள் வெயிலைக் குடித்திருந்த கண்ணாடி, அதை வஞ்சகமில்லாமல் உள்ளே திருப்பிக் கொடுத்தது. பத்து மணிக்குள் கழுத்துப்பட்டைகள் கழன்றன. வரவேற்பறையில் இருந்த பிளாஸ்டிக் ரோஜா வாடித் தலையைத் தொங்கப்போட்டது. சித்தப்பாவின் கணினித் திரையில் நீந்தும் மீன்கள்கூட மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு விட்டதாகச் சத்தியம் செய்தார்கள்.

மாடிக்கு மாடி கூச்சல். "பராமரிப்பு ஆளுங்க எங்க செத்துட்டாங்களா?" என்று கணக்குப் பிரிவு கத்தியது. இதுவரை ஒருவரும் கண்ணால் பார்த்திராத ஐந்தாம் மாடிக்காரர்கள் படியிறங்கி வந்து கத்தினார்கள். இத்தனை இரைச்சலுக்கு நடுவில், துருவியும் அடுத்ததும் ஒரு திரையின் முன்னால் தலையை ஒட்டி உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தார்கள்.

"ஏதாவது மெயில்?"

"இல்லை சார்."

"டிக்கெட்?"

"ஒண்ணுமில்லை."

"போன்?"

"வரலை சார்."

"பார்த்தீங்களா? நான் அப்பவே சொன்னேன், யாரும் கத்த மாட்டாங்க" என்ற அடுத்தது, நெற்றி வியர்வையை வழித்து உதறிவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பி, "யாராவது அந்த ஏ.சி.யைப் போட்டுத் தொலைங்கப்பா!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

மதியம் துருவி மகளைப் பார்க்கக் கீழே ஓடினாள். காப்பகத்தில் குழந்தைகளெல்லாம் உள்ளாடையோடு தரையில் தவளைகள்போல் ஒட்டிக் கிடந்தார்கள். நடுவில் ஏணி போட்டு ஏ.சி. மெக்கானிக் மேலே தலையை நுழைத்திருந்தார். ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு மகள் நின்றாள்.

"என்னங்க ரிப்பேர்?" என்று துருவி கேட்டாள்.

"ரிப்பேர் ஒண்ணும் இல்லைம்மா. மெஷின் நல்லா இருக்கு. கட்டிடம் முழுக்க ஏ.சி.யை ஓட்டற பெட்டியில பார்த்தா, இன்னிக்கு லீவுன்னு காட்டுது. லீவு நாள்ல ஓடாது."

"இன்னிக்கு லீவுன்னு அதுக்கு யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலை, அதான் விஷயம். காலைல எங்கேயோ கேக்கும், வேலை நாளா, லீவான்னு. பதில் வரலைன்னா லீவுன்னு எடுத்துக்கும்."

துருவி ஏணியின் மறு காலைப் பிடித்துக்கொண்டாள். "எங்க கேக்கும்?"

"எனக்கெப்படித் தெரியும்? பெட்டியை மாட்டினவன் எவனோ, போய் எவ்வளவோ காலமாச்சு. நான் சேர்ந்து ரெண்டு மாசம்தான். கையால ஓட்டிக்கறேன்னு மேல அனுமதி கேட்டிருக்கேன். நாளைக்குள்ள வந்துடும்."

மகள் அண்ணாந்து அம்மாவைப் பார்த்தாள். "அம்மா, இதுதானா அது?"

லிஃப்டில் ஏறினால் வெந்துவிடுவோம் என்று துருவி படியில் ஏறினாள். ஒவ்வொரு படியிலும் யோசித்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். நாளைக்கு மெக்கானிக் கையால் ஓட்டிவிடுவார். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. இன்றைக்கே கையெழுத்து, மகளுக்கு நாற்காலி, எல்லாம் உண்டு. போய்ச் சொன்னாலோ, அடுத்தது பெரிய மேடம் முன்னால் அசடு வழிய வேண்டும். வழிந்தவர் எந்தக் கையால் கையெழுத்துப் போடுவார்? ஒருவருக்கும் தெரியாமல் பெரியவரை எழுப்பிவிடலாம் என்றால், அதற்கும் அடுத்ததின் ஒப்புதல் இல்லாமல் முடியாது.

நல்லவள் என்பதால் அவள் போய்ச் சொன்னாள் என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. பல நாளாகத் தேடிய விடை அகப்பட்டு, நாக்கு நுனியில் உட்கார்ந்து குதித்துக்கொண்டிருந்தது. அதை விழுங்க அவளால் முடியவில்லை, அவ்வளவுதான்.

கூட்ட அறையில் பெரிய மேடம் ஒரு கையில் இருந்த கோப்பால் விசிறிக்கொண்டு, மறு கையில் போனை வைத்து முழங்கிக்கொண்டிருந்தார். "நாம இங்க ஆபீஸ் நடத்தறோமா, ஆளுங்களை ஆவியில அவிக்கறோமா?" அவருக்குப் பின்னால் திரையில் அடுத்தது தயாரித்த படம் பெரிய எழுத்தில் ஒளிர்ந்தது: கத்தல் — இல்லை.

கதவைத் தட்டாமலே துருவி உள்ளே வந்தாள். "மேடம், இப்ப நீங்க போட்டீங்களே, அதுதான் அது."

"எது?"

"நாங்க வெள்ளிக்கிழமையிலேருந்து காத்துக்கிட்டிருந்த கத்தல்."

"அடுத்த..." என்று ஆரம்பித்தார் அடுத்தது. அவர் ஆயுளில் அந்தச் சொல் முடியாமல் நின்றது அன்றுதான்.

துருவி எல்லாவற்றையும் சொன்னாள். பெரிய மேடம் போனை மேசைமேல் வைத்தார். "அப்ப காலைலேருந்து இந்தக் கட்டிடமே கத்திக்கிட்டிருக்கு. நீங்க மெயில் வருதான்னு பார்த்துக்கிட்டிருந்தீங்க?"

"முறைப்படி டிக்கெட் எதுவும் வரலை மேடம்" என்றார் அடுத்தது, தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு.

அந்த ஷூவிடமிருந்தே ஒப்புதலும் வந்தது. துருவி பெரியவரை எழுப்பினாள். மெக்கானிக்குக்குப் போன் போட்டுப் பெட்டியை அணைத்துப் போடச் சொன்னாள். பெட்டி கண் விழித்தது. விழித்ததும் கேட்டது, இன்று வேலை நாளா? பெரியவர், இரண்டு நாள் செத்துப் பிழைத்த அலட்டல் எதுவுமில்லாமல், ஆம் என்றார். கூரையில் எங்கோ ஒரு பெருமூச்சு புறப்பட்டு, குழாய் குழாயாக இறங்கி வந்து, பெரிய மேடத்தின் முன்நெற்றி முடியைத் தூக்கியது. கட்டிடம் முழுவதும் கை தட்டியது. வரவேற்பறை ரோஜாவும் நிமிர்ந்தது என்கிறார் சித்தப்பா. அவர் அப்போது வரவேற்பறையில் இல்லை.

"அணைக்கறதுக்கு முன்னாடி, யாருன்னு கண்டுபிடிக்க நேரம் கேட்டீங்களா?" என்றார் பெரிய மேடம்.

"கேட்டேன் மேடம்."

அடுத்தது மேலே பார்த்துக் காற்று வருவதை மிக அக்கறையாக ஆராய்ந்தார்.

"சரி, இந்தப் பெட்டியைப் புதுசுக்கு மாத்திட்டா பெரியவரை அணைச்சிடலாமா? வேற யாரும் கேக்கறதில்லையே?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கே எல்லாம் முடிந்துவிடும். துருவிக்கு அந்த வார்த்தை வரவில்லை. "தினமும் கேக்கறது இது ஒண்ணுதான் மேடம். வருஷத்துக்கு ஒரு தரம் மட்டும் கேக்கறது யாராவது இருக்காங்களான்னு, ஒரு வருஷம் இருந்து பார்த்தாத்தான் தெரியும்."

பெரிய மேடம் முதல்முறையாகச் சிரித்தார். அடுத்ததின் பக்கம் திரும்பினார். "இவங்க பேப்பர் உங்ககிட்ட இருக்கா? போட்டுக் குடுங்க. இருந்து பார்க்கட்டும்."

துருவி இருந்து பார்த்தாள். மகள் காப்பகத்தை விட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். பெட்டி புதுசிடம் கேட்கப் பழகிக்கொண்டது. பெரியவர் கேட்பாரில்லாமல் மாதக்கணக்காக மௌனமாக ஓடினார். "இனிமே யாரும்மா வரப்போறாங்க? அணைச்சிட்டு வேற வேலையைப் பாரு" என்று சித்தப்பாவே சொல்ல ஆரம்பித்தார்.

வருடத்தின் முதல் வேலை நாளில், எல்லோரும் வந்து உட்காருகிற நேரத்தில், பெரியவரிடம் ஒரு கேள்வி வந்தது. இந்த வருடம் மொத்தம் என்னென்ன நாள் லீவு? இந்த முறை முகவரியைத் தேட டிக்கெட் தேவைப்படவில்லை. அது அவள் இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற தூரத்தில் இருந்தது. இளைஞனாக இருந்த காலத்தில், விடுமுறைகளையெல்லாம் முன்கூட்டியே தன் நாட்காட்டியில் குறித்துக்கொள்ள ஒருவர் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதி வைத்து, எழுதியதையே மறந்துபோன ஏற்பாடு.

துருவி எழுந்து போய் அந்த மேசை முன்னால் நின்றாள்.

"சார், வெள்ளிக்கிழமை பெரியவரை அணைக்கப்போறேன். கத்தப்போறீங்களா?"

அடுத்தது தன் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"எதுக்கு அவசரம்? இருக்கட்டுமே" என்றார்.