நலங்கில் அக்கா பாடியது எங்கே?

மகளின் கல்யாண வீடியோ கேசட்டை டிவிடியாக மாற்றித் தரச் சொல்லி, சிவகாசியில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்திருந்தேன். இன்று வாங்கி வந்து போட்டால், நலங்கில் என் அக்கா வாயசைக்கிறாள். கேட்பது சினிமாப் பாட்டு.

அக்கா போன வருஷம் இறந்துவிட்டாள். அவள் குரல் இருந்தது அந்தக் கேசட்டில் மட்டும்தான்.

திரும்பப் போய்ச் சண்டை போட்டேன்.

"அண்ணாச்சி, ஒரே கூச்சலா இருந்துச்சு. எல்லாருக்கும் பாட்டு போட்டுத்தான் குடுக்கோம். அட்டையப் பாருங்க, எம்புட்டுப் பளபளன்னு அடிச்சிருக்கோம்!"

"அட்டையா பாடும்? கேசட்டை எடு."

"அதான் டிவிடி ஆயிருச்சுல்ல, தூக்கிப் போட்டுட்டேன்."

அந்தக் கல்யாணத்துக்கு வந்தவர்கள் யாராவது நலங்கைப் பதிவு செய்திருந்தால் சொல்லுங்கள். பாட்டு போட்டால்தான் அழகு என்பவர்கள் பதில் எழுத வேண்டாம்.