கன்னிக்கால் கிடங்கில் முட்டிய அலவாங்கு

இரண்டு வருடத்துக்கு முன், ஆவணி மாதத்தில், என் கல்யாணத்துக்குச் சில நாள் இருக்கும்போது நடந்தது இது. எங்கள் வீடு வட்டுக்கோட்டையில். மாப்பிள்ளை வீடு தெல்லிப்பழைக்கும் காங்கேசன்துறைக்கும் நடுவில்.

எனக்கு இனிக்க இனிக்கக் கதைக்க வராது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்ணிவெடி அகற்றுவது என் வேலை. முகமாலைப் பக்கம் வெயிலில் முழங்காலில் இருந்து மண்ணைச் சுரண்டும் பெண்களில் நானும் ஒருத்தி. எங்கள் முகாமுக்கு மின்சார வயர் இழுக்க வந்தவர்தான் மாப்பிள்ளை. அவருடன் நான் முதல் கதைத்ததே ஏச்சுத்தான். சிவப்புத் தடி நட்ட எல்லைக்கு அந்தப் பக்கம் ஏணியை வைக்கப் பார்த்தார். "கண் தெரியாதோ?" என்று கத்தினேன். அடுத்த நாள் வேலை எதுவும் இல்லாமல் மறுபடி வந்து நின்றார்.

கல்யாணத்துக்கு அவருடைய அம்மா ஒரு நிபந்தனை வைத்தார். "தாலி ஏறின கையோடை உந்த வேலையை விட்டிடவேணும். என்ரை பிள்ளை பின்னேரத்திலை வாசல் படலையைப் பார்த்துக்கொண்டு நிக்கேலாது" என்றார். நான் ஓம் என்றேன். அவரை விட மனம் வரவில்லை. ஆனால் ஓம் என்ற நாளிலிருந்து கண்டவர்மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். நான் பாதியில் விட்டுவந்த காணித் துண்டின் சொந்தக்காரி, எப்போது வீடு கட்டலாம் என்று ஒவ்வொரு கிழமையும் வந்து கேட்பாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது?

பொன்னுருக்கு நாள் வந்தது. எங்கள் ஊரில் தாலிக்கான பொன்னை நல்லநேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டில் உருக்குவார்கள். உருக்கியதும் முற்றத்து ஈசான மூலையில் அலவாங்கு என்ற கடப்பாரையால் கிடங்கு வெட்டி, கன்னிக்கால் என்று ஒரு முள்முருக்கந்தடியை நடுவார்கள். பெண் அங்கே போவதில்லை. அதற்குப் பிறகு மணவறைக்கு வரும்வரை மாப்பிள்ளையும் பெண்ணும் முகம் பார்க்கக் கூடாது, வீட்டுப் படியும் தாண்டக் கூடாது. அப்பா சொந்தக்காரரோடு அங்கே போயிருந்தார். நான் வீட்டில் தலை நிறைய எண்ணெயும் முகம் முழுக்க மஞ்சளுமாக இருந்தேன்.

தொலைபேசி அடித்தது. மாப்பிள்ளைதான்.

"உம்மோடை கதைக்கக் கூடாதாம். எண்டாலும் எடுத்தனான். கிடங்கு வெட்டேக்கை அலவாங்கு ஏதோ இரும்பிலை முட்டிப்போட்டுது. மாமா பழைய தண்ணிப் பைப் எண்டுறார்."

அந்தக் காணி பல வருடம் இராணுவ வலயத்துக்குள் கிடந்து, பிறகு கைக்கு வந்தது. அங்கே யார் தண்ணீர்ப் பைப் புதைத்தது? "வடிவாப் பார்த்துச் சொல்லுங்கோ. என்ன மாதிரி இருக்கு?" என்றேன்.

"உருண்டையா. பின்பக்கம் செட்டை மாதிரி."

எனக்கு விளங்கிவிட்டது: வெடிக்காமல் புதைந்துபோன மோட்டார் ஷெல். "ஒருத்தரும் தொடவேண்டாம். எல்லாரையும் ரோட்டுக்கு அனுப்புங்கோ" என்று கத்தினேன். பின்னால் அவருடைய தாய்மாமனின் குரல் கேட்டது: "கலியாணத்துக்கு முதலே அதிகாரத்தைப் பாரன்! நல்லநேரம் முடியப்போகுது, விலகு, நான் இழுத்து எறியிறன்." அதோடு தொடர்பு அறுந்துவிட்டது. மறுபடி எடுத்தால் யாரும் தூக்கவில்லை.

பொலிசுக்கு அறிவித்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். அம்மா படலையை மறித்தார். "பொன்னுருக்கின நாளிலை பொம்பிளை படி தாண்டக் கூடாதடி!" என்றார். "தாண்டாட்டி மாப்பிள்ளை இருக்கமாட்டார்" என்று சொல்லிவிட்டு விட்டேன் ஒரு ஓட்டம். சண்டிலிப்பாய்ச் சந்தியில் நின்ற சனம் என் மஞ்சள் முகத்தைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டது.

போய்ப் பார்க்கிறேன், பட்டுச்சேலையும் பட்டுவேட்டியுமாக முற்றம் நிறையச் சனம். ஈசான மூலையில், குத்தி நின்ற அலவாங்குக்குப் பக்கத்தில், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவர் நிற்கிறார். தாய்மாமன் அவரைத் தள்ளிவிட்டுக் கிடங்கில் கைவைக்கப் பார்க்கிறார். நான் படலையடியில் நின்று என் முழுத் தொண்டையையும் திறந்தேன்.

"மாமா, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஏறுங்கோ! இல்லாட்டி எல்லாரும் அந்தியேட்டிக்குத்தான் திரும்பி வரவேண்டி வரும்!"

மங்கல நாளில், செத்தவர்களுக்குச் செய்யும் கிரியையின் பெயரைச் சொல்லிவிட்டேன். என் அப்பா தலையில் கைவைத்தார். ஆனால் சனம் அசைந்தது. வந்த வழியாலேயே வரிசையாக ரோட்டுக்கு வந்தார்கள். கடைசியாக மாமனும் வந்தார், முணுமுணுத்துக்கொண்டு.

மாப்பிள்ளை மட்டும் மிஞ்சினார். என்னைக் கண்ட சந்தோசத்தில், மூலையிலிருந்து நேரே என்னை நோக்கிக் கால் எடுத்தார். நடுவில் புல் மண்டிய, யாரும் மிதிக்காத துண்டு. ஒன்று கிடந்த இடத்தில் இன்னொன்றும் கிடக்கலாம்.

"குறுக்காலை வராதேங்கோ! சனம் நடந்த பாதையாலை வாங்கோ!"

எனக்கு ஓடிப்போய் அவரைப் பிடித்து இழுத்துவர வேண்டும் போல இருந்தது. கால் தானாகவே எழும்பியது. எங்கள் வேலையில் ஓடக்கூடாது. ஒருவர் மாட்டினால் இன்னொருவர் பாயக்கூடாது. எத்தனை பேருக்கு நான் அதைப் படிப்பித்திருக்கிறேன்! படலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வந்தார். கண் என்மேல்.

"என்னைப் பாராதேங்கோ, நிலத்தைப் பாருங்கோ!"

"இந்த மூஞ்சையை ஆர் பார்ப்பினம்? பேய் எண்டெல்லோ நினைச்சன்" என்றார். ரோட்டில் நின்ற சனம் சிரித்தது. எனக்கு மட்டும் கண்ணீர் வந்து மஞ்சளோடு வழிந்தது.

அவர் படலையைத் தாண்டியதும் ஏசிக் கிழித்தேன். "ஷெல்லுக்குப் பக்கத்திலை நிக்க உங்களுக்கு விசரோ?"

"நான் விலகினா மாமா இழுத்துப்போடுவார். நீர் இருந்தா விடுவீரோ? அதுதான் நானும் விடேல்லை."

அதைக் கேட்டதும் எனக்கு உறைத்தது. நான் செய்யவேண்டிய வேலையை, பாதுகாப்புச் சட்டையும் இல்லாமல் தலைக்கவசமும் இல்லாமல், இந்த மனுசன் செய்திருக்கிறான். அவருடைய அம்மாவின், அதாவது என் மாமியின், பக்கம் திரும்பினேன். "மாமி, நான் வேலையை விடமாட்டன். ஓம் எண்டது பொய். விருப்பமில்லாட்டி இப்பவே சொல்லுங்கோ, கலியாணம் வேண்டாம்" என்றேன்.

மாமி தன் மகனைப் பார்த்தார். அவரோ என்னிடம், "முதல் மூஞ்சையைக் கழுவும். பிறகு பிரிவம்" என்றார்.

பொலிஸ் வந்தது. பிறகு இராணுவத்தின் வெடிகுண்டு அகற்றும் ஆட்கள் வந்தார்கள். எங்கள் காணிகளில் இத்தனை வருடம் இருந்தவர்கள்மேல் எனக்கு உள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அன்று குப்புறப் படுத்து அந்தக் கிடங்குக்குள் கைவிட்டவன் ஒரு சிங்களப் பொடியன். எடுத்து முடித்து, முற்றம் முழுவதையும் கருவியால் சோதித்த பிறகுதான் தேத்தண்ணீர் வாங்கிக் குடித்தான். கொச்சைத் தமிழில், "அக்கா, எனக்கும் கலியாணம் ரெண்டு தரம் தள்ளிப் போனது. டியூட்டி. அவ சரியான கோபம்" என்றான். அவளுக்குக் கொடுக்கச் சொல்லி விருந்துக்குச் சுட்டு வைத்திருந்த பயத்தம்பணியாரத்தில் ஒரு பை நிறையக் கட்டிக் கொடுத்தேன்.

ஷெல்லை வெறும் வெளிக்குக் கொண்டுபோய் வெடிக்கவைத்தார்கள். சத்தம் கேட்டதும் தாய்மாமன், "பார், பொம்பிளை வீட்டுக்காரர் வெடி கொளுத்தினம்!" என்றார். அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். கல்யாணம் நடக்குமா இல்லையா என்று தெரியாமல் கிணற்றடியில் குந்தியிருந்தேன். பொழுதுபடும் மம்மல் நேரம் மாமி என் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தார். ஐயரிடம் கேட்டு வேறு நேரம் வைத்து, அதே கிடங்கில் கன்னிக்காலை நட்டாயிற்றாம். "பொம்பிளைக்கு வடிவாத் தண்ணி வார்த்து முழுக்காட்டுங்கோ, மஞ்சள் காய்ஞ்சு முகம் வெடிச்சுப்போடும்" என்றாராம். வேலையைப் பற்றி ஒன்றும் இல்லை.

கல்யாணம் சிறப்பாக நடந்தது. லீவு முடிந்து நான் சீருடை போட்ட அன்று, சண்டைக்குத் தயாராகத்தான் குசினிக்குள் போனேன். மாமி என் முகத்தைப் பார்க்கவில்லை. வாழையிலையில் கட்டிய சோற்றுப் பார்சலை நீட்டினார். "குழம்பு வேறையாக் கட்டியிருக்கு. ஊத்திப்போடாதை. வேளைக்கு வா" என்றார். பின்னேரத்தில் இப்போது இரண்டு பேர் படலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அந்த முள்முருக்கந்தடி வேர்விட்டு என் உயரத்துக்கு மேல் வளர்ந்துவிட்டது. மாமி அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறார், ஆட்டைக் கலைக்கிறார். நான் இன்னும் அதே கோபக்காரிதான். ஆனால் அவரோடு சண்டை பிடிக்கும்போது, நிலத்தைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக அவர் வந்த அந்த நடை நினைவுக்கு வந்துவிட்டால், வாயில் வந்த ஏச்சு பாதியில் நின்று சிரிப்பாகிவிடுகிறது.